ஐசியு டீமுக்கும் பிளேட்லெட் கொடுத்தவங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் எடுத்துட்டு இருக்குற என் தம்பி ஐசியுல இருந்து வார்டுக்கு வந்து, அங்கேருந்து வீட்டுக்கும் வந்துட்டான், இப்ப வாசல் வரைக்கும் புடிமானம் இல்லாம நடக்குறான். விசாரிச்சவங்களுக்கு தனித்தனியா பதில் போட முடியல, அதான் மொத்தமா எழுதுறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

முதல் நன்றி கீமோ வார்டு நைட் டியூட்டி சிஸ்டருக்கு. ரத்தப் புற்றுநோய்க்கு முதல் ரவுண்டு கீமோ முடிஞ்ச கையோட வெள்ளை அணு எல்லாம் அடியோட இறங்கிடும், அதுல கிருமியோட சண்டை போடுற நியூட்ரோஃபில்ங்கறது 500க்கு கீழ இருக்கும்போது காய்ச்சல் 100.4ஐ தாண்டி நின்னுச்சுன்னா கிருமி ரத்தத்துல கலந்திருக்கலாம், எதிர்த்து நிக்க உடம்புல ஆளே கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்ட்டிபயாடிக் ஏறணுமாம். அந்த சிஸ்டர் டெம்பரேச்சர் பாத்த உடனே ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்குற பிளட் கல்ச்சர் எடுத்து, டாக்டரை போன்ல புடிச்சு ஆர்டர் வாங்கி, கல்ச்சர் ரிசல்ட்டுக்கு எல்லாம் காத்துட்டு இருக்காம மருந்த போட்டுட்டாங்க. என்ன நடக்குதுன்னு எங்களுக்கு புரியறதுக்குள்ள பாதி பாட்டில் இறங்கியிருந்துச்சு.

அப்படியும் பிபி விழுந்துருச்சு, மூச்சும் திணற ஆரம்பிச்சுது, ஐசியு. அப்பதான் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா 'கேன்சர்னு தெரிஞ்சும் எதுக்கு ஐசியுல போட்டு அவனை இம்சை பண்றீங்க'ன்னு. பாசத்துல கேக்குறாங்கதான், ஆனா அதை காதுல வாங்குற எங்களுக்கு எப்படி இருக்கும்.

அதுக்கு பதில் சொன்னது ஐசியு டாக்டர். ஒரு காலத்துல கேன்சர்னாலே ஐசியுல எடுக்க தயங்குவாங்க, இப்ப அப்படி இல்லம்மா, கேன்சர்ங்கற பேரை மட்டும் வச்சு முடிவு பண்றதில்ல, எத்தனை உறுப்பு அடிபட்டிருக்கு, நோய்க்கு இன்னும் வைத்தியம் பாக்கி இருக்கா, இதுக்கு முன்னாடி ஆளு எப்படி நடமாடிட்டு இருந்தாரு, இதையெல்லாம் பாத்துதான்னு சொன்னாரு. சில நாளைக்கு எந்த குறையும் வைக்காம முழு ட்ரீட்மென்ட் கொடுப்போம், அப்புறம் உக்காந்து பேசுவோம், தேறுறாருன்னா மேல போலாம், ஒவ்வொரு உறுப்பா விழுந்துட்டே போச்சுன்னா அதையும் ஒளிக்காம சொல்லுவேன்னாரு. 'எல்லாம் சரியாயிடும்'னு ஒரு வாட்டி கூட அவர் வாயில வரல சார், அதுக்குத்தான் உங்களுக்கு பெரிய கும்பிடு. கேன்சர் டாக்டரும் நீங்களும் சேர்ந்தே வந்து ஒரே பேச்சா பேசுனீங்க, இல்லன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லி நாங்க நடுவுல முழிச்சிருப்போம்.

வலி, அவஸ்தைய கொறைக்க பாக்குற பேலியேட்டிவ் டாக்டர் வந்தப்ப அம்மா பயந்துட்டாங்க, கைவிட்டுட்டாங்க போலன்னு. அவங்க வந்தது வாய்ப்புண் வலிக்கும் மூச்சு முட்டலுக்கும் மருந்து பாக்க, ட்ரீட்மென்ட் பாட்டுக்கு நடந்துட்டுதான் இருந்துச்சு. இன்னொண்ணும் செஞ்சாங்க. மூக்கு வழியா வேகமா போற ஆக்சிஜன் போதாது, வென்டிலேட்டர் வேண்டி வரலாம்னு தெரிஞ்ச உடனே, அவன் பேசுற நிலமைல இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து உனக்கு என்ன வேணும், எதுவரைக்கும் போலாம்னு அவனையே கேட்டாங்க. எங்க யாருக்கும் அந்த தைரியம் கிடையாது. என்ன சொன்னான்னு எழுதல, அது அவன் விஷயம்.

ஐசியு சிஸ்டர்ஸ் பத்தி எழுதுனா முடியவே முடியாது. சராசரி பிபி 65க்கு கீழ போகாம பிபிய தூக்கி நிறுத்துற நார்அட்ரினலின் மருந்தை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்கிட்டு, மருந்து ஏத்த கழுத்து ரத்தக்குழாய்ல போட்ட லைன்ல கிருமி ஏறாம பாத்துகிட்டு, ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் கம்மின்னு ஈறுல ரத்தம் வராம அவ்ளோ மெதுவா வாய் தொடைச்சு விட்டு, மயக்கத்துல கிடக்குறவன்கிட்ட 'தம்பி இப்ப பொரட்டி படுக்க வைக்கப் போறோம்'னு சொல்லிட்டு பொரட்டுவீங்க. வென்டிலேட்டர் ட்யூப் எடுத்தப்புறம் அவனுக்கு குழப்பம் வந்து சீலிங்ல எறும்பு ஓடுதுன்னான், ஒரு சிஸ்டரை ஸ்கூல் கணக்கு டீச்சர்னு நெனச்சு சண்டை வேற. டெலிரியம்னு பேராம், ஐசியுல நிறைய பேருக்கு வரும்னாங்க. கண்ணாடிய மாட்டி விட்டு, கடிகாரத்த கண்ணுல படுற மாதிரி வச்சு, ராத்திரி லைட்ட கொறச்சு, பொறுமையா அவனை மீட்டாங்க. டீச்சர் சிஸ்டர், அவன் மன்னிப்பு கேக்க சொன்னான்.

ஃபிசியோ அண்ணனுக்கு, வென்டிலேட்டர்ல இருக்கும்போதே கை கால அசைக்க வச்சதுக்கு. ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் கதவுகிட்ட நின்னு 'கைய கழுவுங்க'ன்னு பெரிய டாக்டரையே நிறுத்துன செக்யூரிட்டி அண்ணனுக்கும். எதிர்ப்பு சக்தியே இல்லாத பேஷண்ட்டுக்கு இவங்க செய்யறதும் வைத்தியம்தான்.

பக்கத்து பெட்ல இருந்தவரு பிழைக்கல. அவருக்கும் இதே டீம்தான், இதே கவனிப்புதான், கடைசில மெஷின் சத்தத்த எல்லாம் கொறச்சு குடும்பத்த பக்கத்துல உக்கார விட்டாங்க. அவரோட மகன் மறுநாள் எங்களுக்கு ரெண்டு டோனர் நம்பர் அனுப்பிட்டு போனாரு. அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு இன்னும் தெரியல.

டோனர்களே, உங்களைத்தான் கடைசிக்கு வச்சிருக்கேன். பிளேட்லெட்ட அஞ்சு நாளைக்கு மேல வைக்க மாட்டாங்க, ஃப்ரிட்ஜ்ல போடாம ரூம் டெம்பரேச்சர்லயே ஆட்டிட்டே இருப்பாங்க, அதனால ஸ்டாக் பண்ணி வைக்கவும் வழியில்ல, யாராவது வந்து மெஷின்ல ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் கைய நீட்டிட்டு படுத்தாதான் உண்டு. ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு வந்தீங்க, எக்ஸாமுக்கு முந்தின நாள் வந்தீங்க, ஒருத்தர் ஊசின்னா பயம்னு கண்ண மூடிட்டே கொடுத்தீங்க. அவனுக்கு அடுத்த ரவுண்டு கீமோ தொடங்கப் போகுது, கவுண்ட் திரும்பவும் இறங்கும்னு டாக்டர் இப்பவே சொல்லிட்டாரு, அதனால யாரும் நம்பர் மாத்திடாதீங்க, ராத்திரில கால் பண்ணாலும் எடுங்க.