சானல் கரையில் வரும் பிள்ளைகளுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையில், ரப்பர் தோட்டங்களை ஒட்டி இருக்கிற சிறிய கல்லூரி எங்களுடையது. இந்த வருடம் எங்கள் பிள்ளைகளில் பலர் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். பாராட்டு கல்லூரிக்கு வருகிறது, ஆனால் வேலையைச் செய்தவர்கள் வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் ஆடி மழையில், இரண்டாம் வருட மாணவன் ஒருவன் பைக்கில் மூன்று பேராகப் போய் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். பார்க்கப் போனபோது அவன் அம்மா சொன்னது இதுதான்: "சாயங்காலம் பஸ் இருந்திருந்தா அவன் பைக்கே கேட்டிருக்க மாட்டான் டீச்சர்." அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். பைக்கின் தவணை அப்போதும் முடியவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலைகள் உங்களுக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர்; தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். வீட்டு மதில் முடியும் இடத்தில் தார் தொடங்குகிறது. ஒதுங்கி நிற்கக்கூட இடம் இல்லாத ரோட்டில் பிள்ளைகளைச் சைக்கிளில் வரச் சொல்ல எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

வழி காட்டியவர்கள் மாணவிகள்தான். "சானல் கரை இருக்கே மிஸ்" என்றார்கள். 1906ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் எங்கள் பக்கம் வருகிற பாசனக் கால்வாய் அது; சானல் என்போம். கரையில் ஜீப் போகிற அகலத்துக்கு மண்பாதை உண்டு, லாரி கிடையாது, ஏற்றமும் குறைவு. ஆனால் இடுப்பளவு காடு வளர்ந்து கிடந்தது. அதை வெட்டிச் சுத்தம் செய்த நூறுநாள் வேலை அக்காமார்களுக்கு முதல் நன்றி. பாம்புக்குப் பயப்படாமல் நாலு நாள் நின்று வெட்டினீர்கள். கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறந்தபின் வழுக்கும் என்று எங்கெங்கே இறங்கி உருட்ட வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுத்தீர்கள்.

சைக்கிள் வாங்கப் பணம் திரட்ட வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வகுப்பில் கேட்டபோது, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் பாதிப்பேர் வீட்டில் இருந்தது. விறகுப்புரையில், கோழிக்கூட்டின் மேல், கொல்லாமரத்தில் சாய்த்தபடி. நமக்கு இரண்டு மழைக்காலம். இரண்டு வருடம் தொடாமல் போட்டால் செயின் இறுகிவிடும், பிரேக் கட்டை கல்லாகிவிடும்.

ஜங்ஷனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் கடையில் இப்போது பெரும்பாலும் பைக் பஞ்சர்தான். விஷயத்தைச் சொன்னதும் சனிக்கிழமைதோறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டார். மூன்று மாதத்தில் 31 சைக்கிளை ஓவராயில் செய்தார். வால்டியூபுக்கும் பால்ரஸுக்கும் கடை விலை வாங்கினார், கூலி என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை. அதைவிடப் பெரிய உதவி, அவர் தனியாகச் செய்யாமல் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துச் செய்ததுதான். செயினை மண்ணெண்ணெயில் ஊறப் போடுவது, ரிம்மில் பெண்டு எடுப்பது, ஒரு கம்பியை முறுக்கினால் எதிர்க் கம்பியைத் தளர்த்துவது எல்லாம் இப்போது ஆறு மாணவிகளுக்குக் கைவந்த வேலை. அண்ணா, உங்களிடம் படித்ததை அவர்கள் மறக்க மாட்டார்கள். நானும்தான்.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குத் தகரம் போட்டுக் கொடுத்தவர் ஒரு மாணவனின் அப்பா, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். உங்களுக்கும் நன்றி.

எல்லோராலும் சைக்கிளில் வர முடியாது. மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பஸ் கிடைத்தால்தானே! எங்கள் கடைசி மணி 3.30க்கு, பஸ் 3.20க்கே கடந்துவிடும். அடுத்தது வர ஒன்றரை மணி நேரம். நானும் மாணவர் தலைவியும் மனுவோடு பணிமனைக்கு நடந்தோம். அங்கே எங்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர் டைம் கீப்பர். எந்த டிரிப்பை எத்தனை நிமிடம் தள்ளினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று ஒரு தாளில் போட்டே காட்டினார். இன்று அந்த பஸ் 3.45க்கு வருகிறது. ஐயா, உங்கள் இருபத்தைந்து நிமிடத்தால் எத்தனை பிள்ளைகள் இருட்டுவதற்கு முன்னால் வீடு சேருகிறார்கள் தெரியுமா? ஓடிவரும் பிள்ளையைப் பார்த்து விசில் அடிக்காமல் காத்திருக்கும் நடத்துநர் அண்ணனுக்கும் இதில் பங்கு உண்டு.

அப்புறம், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து ஓட்டு வீட்டுப் பாட்டியம்மா. உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களிலிருந்து நிறுத்தம் வரை சைக்கிளில் வந்து பஸ் ஏறும் பிள்ளைகளுக்குத் தன் முற்றத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். அயனி மரத்தடியில் தினமும் ஏழெட்டு சைக்கிள் நிற்கிறது. மழை வந்தால் சீட்டு நனையாமல் பழைய சாக்கைப் போட்டு மூடி வைக்கிறார். வாடகை தரப் போனபோது கோபித்துக்கொண்டார். சரி பாட்டி, பணம் தரவில்லை. இந்தக் கடிதத்தை உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள்.

தொடை முறிந்த அந்த மாணவன் இப்போது நடக்கிறான், 3.45 பஸ்ஸில் போகிறான்.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் சைக்கிள் கிடந்தால், எந்த நிலையில் இருந்தாலும், அட்மிஷனுக்கு வரும்போதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை அண்ணன் வருவார்.

நன்றியுடன்,
நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாசிரியை