மின்னூட்டமில்லாத குளுவானும் காந்தப்புலமும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மகள் எம்.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தது அதைவிடப் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். ஆவணியில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து, நீ கட்டாயம் வர வேண்டும்.

குளுவானுக்கு மின்னூட்டமே கிடையாதே, காந்தப்புலம் அதை என்ன செய்துவிடும் என்று மகள் கேட்டாளாமே. அருமையான கேள்வி. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே குவார்க் என்ற நுண்துகள்கள் இருக்கின்றன; அவற்றைப் பசைபோல ஒட்டிவைப்பதுதான் குளுவான்.

முதலில், அணுக்கருக்கள் மோதும்போது பிறக்கும் காந்தப்புலம் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 2000-லிருந்து தங்க அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிட்டார்கள். இரண்டும் நேருக்கு நேர் முட்டாமல் சற்று விலகி மோதினால், சிக்காமல் தப்பிய புரோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் பாய்ந்து ஓடும். மின்னூட்டம் ஓடினால் காந்தப்புலம் வரும், பிளஸ் டூவில் படித்ததுதான். உன் முட்டியை ஸ்கேன் எடுத்தார்களே, அந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் பொதுவாக 15,000 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இருக்கும். இந்த மோதலிலோ 1-க்குப் பின்னால் 18 சைபர்! ஆனால் ஒளி ஓர் அணுக்கருவைக் கடப்பதற்குள் அதில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

சரி, குளுவானுக்கு வருகிறேன். அது ஓயாமல் குவார்க், எதிர்க்குவார்க் ஜோடியாகப் பிரிந்து மறுபடி சேர்ந்துகொண்டே இருக்கிறது. குவார்க்குக்கு மின்னூட்டம் உண்டு. காந்தப்புலம் அந்த ஜோடியைப் பிடிக்கிறது, அதன் வழியாகக் குளுவானையும் ஆட்டிவைக்கிறது. இதை லேசாக நினைத்துவிடக் கூடாது. புரோட்டானும் நியூட்ரானும் உருகிக் குவார்க்-குளுவான் குழம்பாக மாற சுமார் 1.8 லட்சம் கோடி டிகிரி வெப்பம் வேண்டும். காந்தப்புலம் கூடினால் இந்த வெப்பநிலையும் ஏறும் என்றுதான் பல மாதிரிகள் சொல்லி வந்தன. வெளியையும் காலத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து சூப்பர்கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டவர்கள், 2012 வாக்கில், அது இறங்குகிறது என்று காட்டினார்கள். குளுவான் வழியாக வரும் அந்த மறைமுக விளைவுதான் காரணம். உன் மகளின் கேள்விக்குள் இவ்வளவும் இருக்கிறது!

என்னை இன்னும் உலுக்கியது வேறொன்று. ஒரு குவார்க்கின் சுழற்சி அது ஓடும் திசையோடு ஒத்திருந்தால் வலக்கை, எதிராக இருந்தால் இடக்கை என்பார்கள். இடக்கைக் குவார்க்குகளும் வலக்கைக் குவார்க்குகளும் சமமாக இல்லையென்றால், காந்தப்புலத்தின் திசையிலேயே மின்னோட்டம் ஓட வேண்டும் என்பது கோட்பாடு. அதைச் சோதிக்க புரூக்ஹேவனில் 'ஸ்டார்' என்ற துகள் உணர்கருவியை இயக்கும் குழுவினர் 2018-இல் ருத்தேனியத்தையும் சிர்க்கோனியத்தையும் எடுத்தார்கள். இரண்டின் அணுக்கருவிலும் புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து 96, ஆனால் புரோட்டான்கள் மட்டும் முறையே 44, 40. ருத்தேனியத்தில் காந்தப்புலம் பலமாக இருக்கும், எனவே விளைவும் கூடத் தெரிய வேண்டும். எந்தத் தரவு எந்தத் தனிமத்துடையது என்று ஆய்ந்தவர்களுக்கே சொல்லாமல் மறைத்து வைத்தார்கள். எதைக் கண்டால் 'இருக்கிறது' என்பது என்று முன்கூட்டியே எழுதியும் வைத்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: எதிர்பார்த்த அடையாளம் இல்லை. பல வருட உழைப்புக்குப் பிறகு அதை அப்படியே வெளியிட்டார்களே, அந்த நேர்மைக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது.

அதற்காகக் காந்தப்புலமே பொய் என்று ஆகிவிடாது. 2024-இல் அதே குழு, நேர், எதிர் மின்னூட்டத் துகள்கள் வேறுவேறாக விலகிப் போவதை அளந்து, மின்காந்தப் புலம் அந்தக் குழம்பில் பதித்த தடம் அது என்று காட்டியது.

மகளுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் எனக்கே போன் பண்ணச் சொல். எந்த நேரமானாலும் பரவாயில்லை. மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
சாந்தி