மேலே சூடு, கீழே குளிர்

அன்புள்ள மகளுக்கு,

"வானத்துல சூடு ஏறிடுச்சாம், அதனால இங்க பனி கொட்டுமாம், என்னப்பா கதை விடறாங்க?" என்று போனில் சிரித்தாய். கதை இல்லை. அப்போதே விளக்கியிருந்தால் பாடம் எடுக்கிறேன் என்று போனை வைத்திருப்பாய், அதனால் கடிதம்.

குளிர்காலத்தில் வட துருவத்தைச் சுற்றி, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசிக்கொண்டே இருக்கும். துருவச் சுழல் என்பார்கள். மலைத்தொடர்களாலும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டாலும் எழுகிற மாபெரும் காற்றலைகள் அவ்வளவு உயரம் ஏறி, அங்கே உடைந்து, அந்தக் காற்றுக்கு பிரேக் போடும். எல்லா வருடமும் இல்லை, சில வருடங்களில் மட்டும் காற்று திசையே மாறிவிடும். அப்போது துருவத்தின் மேல் காற்று கீழே இறங்கி அமுங்கும்; அமுங்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுமே, அதேதான். சில நாட்களுக்குள் 50 டிகிரி வரைகூட ஏறுவதுண்டு. அதுவும் சூரியனே எட்டிப் பார்க்காத துருவ இரவில்! 1952-இல் பெர்லினில் பலூன் அளவீடுகளைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன் வானிலை ஆய்வாளர் ரிச்சர்ட் ஷெர்ஹாக்.

சரி, உன் ஊருக்கு என்ன? மேலே குலைந்த காற்றோட்டம் இரண்டு மூன்று வாரங்களில் மெல்லக் கீழே தெரிய ஆரம்பிக்கும். வழக்கமாக அட்லாண்டிக் புயல்கள் நீ இருக்கும் வட ஐரோப்பாவுக்கு மழையையும் மிதமான காற்றையும் கொண்டுவரும். அந்தப் புயல்களை ஓட்டிவருவது ஜெட் காற்றோட்டம் என்கிற வேகமான உயரக் காற்று; மேலே குலைந்ததன் விளைவாக அது தெற்கே நகர்ந்துவிட்டால் புயல்களும் அதோடு போய்விடும். காலியான இடத்தில் கிழக்கிலிருந்து சைபீரியக் குளிர் நுழையும். 2018-இல் அப்படித்தான். பிப்ரவரி நடுவில் மேலே சூடு, மாதக் கடைசியில் பிரிட்டன் பனியில் முடங்கியது. வறண்டு கிடந்த ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மார்ச்சில் மழையாகக் கொட்டியது. ஒருவர் வீட்டுப் புயல் இன்னொருவர் வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படி ஆகாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை மேலே நடந்தது மேலேயே அடங்கிவிடும். அதனால் "கடுங்குளிர் நிச்சயம்" என்று செய்தியில் அலறினால் நம்பாதே; குளிருக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது, அதற்கு மேல் இல்லை. எந்த நாளில், எந்த ஊரில் என்பதெல்லாம் சில நாட்களுக்கு முன்புதான் தெளிவாகும்.

சூடு ஏறியது போன வாரம் என்றாய். அப்படியானால் இன்னும் பத்து நாள் கழித்து ஜன்னல் வழியாகப் பார். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் எனக்கு ஒரு போன் போடு, அப்புறம் அந்தத் தடிமனான கோட்டை எடு.

அப்பா