முகாமுக்குக் கிளம்பும் சாரணர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஆசிரியர்களுக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் மண்ணடியில் உள்ள எங்கள் கடைக்குச் சாரணர்களும் சாரணியரும் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். "கயிறு 1, தார்பாலின் 1" என்று மட்டும் அதில் இருக்கும். என்ன கயிறு, எத்தனை மில்லிமீட்டர், எந்த வேலைக்கு என்று இருக்காது. விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போனால் முகாமில் அது உதவாது. கயிறும் தார்பாலினும் எங்கள் தொழில் என்பதால் அவற்றை விரிவாகச் சொல்கிறோம். மற்றவை தேவையான அளவுக்கு. வாங்க வேண்டாதவை எவை என்பதும் இதில் உண்டு.

கடைத்தெருவில் பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றுக்கும் நைலான் கயிறு என்றே பெயர். ஆனால் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகத் தொங்குபவற்றில் பல பாலிப்ரொப்பிலீன். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இரண்டுக்கும் வேலை உண்டு. சாரணர் முடிச்சுக்கு இரண்டுமே தோதில்லை. பாலிப்ரொப்பிலீன் விறைப்பும் வழவழப்புமாக இருப்பதால் போட்ட முடிச்சு மெல்ல நெகிழும். வெயிலிலேயே கிடந்தால் இழை நொறுங்கி உதிரும். நைலான் பாரம் ஏற்றினாலும் நீளும், நனைந்தாலும் நீளும்.

முடிச்சுப் பழகப் பருத்திக் கயிறுதான் சரி. கையை அறுக்காது, போட்ட இடத்தில் நிற்கும், பிரிப்பதும் எளிது. ஒரு பிள்ளைக்கு 8 மி.மீ. கயிறு 3 மீட்டர், 6 மி.மீ. கயிறு 3 மீட்டர் போதும். இரண்டு தடிமன் எதற்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு. இரண்டு நுனிகளை இணைக்கும் ரீஃப் நாட் முடிச்சு ஒரே தடிமனுள்ள நுனிகளுக்கு மட்டுமே. தடிமன் வேறுபட்டால் நழுவிவிடும். அங்கே ஷீட் பெண்ட் என்ற முடிச்சைப் போட வேண்டும். அதிலும் தடித்த கயிற்றைத்தான் மடித்துப் பிடிக்க வேண்டும், மெல்லியது அதைச் சுற்றி வர வேண்டும். ஒரே கயிற்றை வைத்துப் பழகும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு கைக்கு வராது. வீட்டில் இடமில்லை என்று தயங்க வேண்டாம். கயிற்றைக் கம்பில் கட்டும் க்ளோவ் ஹிட்ச் முடிச்சுக்கு ஜன்னல் கம்பி போதும். லாஷிங், அதாவது கம்புகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது, பழக இரண்டு துடைப்பக் கட்டை போதும்.

முகாமில் கம்பு கட்டுவதற்கு 6 மி.மீ. மணிலா அல்லது சிசல் கயிறு வாங்குங்கள், இரண்டும் செடி நாரில் திரித்தவை. சொரசொரப்பாக இருப்பதால் கம்பைக் கவ்விப் பிடிக்கும். தேங்காய் நார்க் கயிறும் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் சிறு பிள்ளைகளின் உள்ளங்கை சிவந்துவிடும். நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கட்டப்போகும் இரண்டு கம்புகளின் தடிமனையும் கூட்டி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் 3 அடி. இரண்டரை அங்குலச் சவுக்குக் கம்புகள் இரண்டென்றால் 15 அடி, அதாவது சுமார் நாலரை மீட்டர். 3 மீட்டர்த் துண்டுகளாக வாங்கிப் போனால் கடைசிச் சுற்றுக்குக் கயிறு எட்டாது. ஒட்டுப்போட்ட லாஷிங் பாரம் தாங்காது.

நட்ட கம்போடு குறுக்குக் கம்பைக் கட்டும் ஸ்கொயர் லாஷிங் எங்கே தளர்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். நட்ட கம்பில், குறுக்குக் கம்பு உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே க்ளோவ் ஹிட்ச் போட்டுத் தொடங்கி, மீந்த நுனியை நீளக் கயிற்றோடு முறுக்கிவிட வேண்டும். பிறகு மூன்று சுற்று. ஒவ்வொரு புதுச் சுற்றும் குறுக்குக் கம்பில் முந்தையதற்கு வெளிப்பக்கமாகவும், நட்ட கம்பில் உட்பக்கமாகவும் படிய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. அடுத்து இரண்டு கம்புகளுக்கும் நடுவே, போட்ட சுற்றுகளை நெருக்கி இறுக்கும் ஃப்ராப்பிங் சுற்று இரண்டு, கடைசியில் குறுக்குக் கம்பில் க்ளோவ் ஹிட்ச். பிள்ளைகள் மூன்று சுற்றையும் பல்லைக் கடித்து இழுத்துவிட்டு, ஃப்ராப்பிங்கில் சோர்ந்துவிடுகிறார்கள். கட்டின் இறுக்கம் முழுவதும் அந்த இரண்டு சுற்றில்தான் இருக்கிறது. கயிற்று நுனியை ஒரு சிறு குச்சியில் சுற்றிப் பிடித்து இழுத்தால் பலம் கிடைக்கும்.

கம்பைப் பொறுத்தும் கட்டுத் தளரும். பச்சைச் சவுக்கு காயக் காயச் சுருங்கும், பட்டையும் கழன்று வரும். முதல்நாள் இறுக்கமாக இருந்த கோபுரம் இரண்டாம் நாள் ஆடும். பட்டை உரித்த காய்ந்த கம்பாக விறகுத் தொட்டியிலோ பந்தல்காரரிடமோ வாடகைக்குக் கேளுங்கள். எப்படியானாலும் தினமும் காலையில் அணித் தலைவர் ஒவ்வொரு கட்டையும் கையால் அசைத்துப் பார்த்த பிறகே யாரும் ஏற வேண்டும்.

வாங்கிய அன்றே கயிற்றின் இரு நுனிகளையும் நூலால் இறுகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். அந்தக் கட்டு கயிற்றின் தடிமனைப்போல ஒன்றரை மடங்கு அகலம் இருக்கட்டும். பிளாஸ்டிக் கயிற்றின் நுனியைத் தீயில் உருக்கலாம். அதைப் பெரியவர்கள் செய்யட்டும், உருகிய சொட்டு தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும்.

இனித் தார்பாலின். கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள்: ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். தரையில் விரிக்க 120 போதும். 12 அடிக்கு 9 அடி விரிப்பு சுமார் 1.2 கிலோ வரும், ஒரு பிள்ளை சுமக்கலாம். சமையல் கொட்டகைக் கூரைக்கு 200 வேண்டும். 18 அடிக்கு 12 அடி என்றால் 4 கிலோ. அதை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தூக்கட்டும். எல்லாவற்றுக்கும் கனமானதையே கேட்பவர்கள் பாரத்தை மறந்துவிடுகிறார்கள்.

கூடாரத்துக்குள் விரிப்பது கூடாரத்தின் அடியைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் குறைவாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் வழியும் மழைநீர் விரிப்பில் விழுந்து படுக்கைக்கு அடியில் சேரும். நனைவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், கூடாரத்தில் ஓட்டை அல்ல. கூரைத் தார்பாலினின் ஓரத்தில் கயிறு கோர்க்கும் வளையமான ஐலெட் பிய்ந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். கோலிக்குண்டு அளவு வழவழப்பான கல்லை அந்த இடத்தில் உள்ளே வைத்து, வெளியிலிருந்து கல்லோடு தார்பாலினைக் குவித்துப் பிடித்து, அந்தக் குவிப்பின் கழுத்தைச் சுற்றிக் க்ளோவ் ஹிட்ச் போட்டு இழுத்துக் கட்டுங்கள். ஐலெட்டைவிட உறுதியாக நிற்கும். கூரை நடுவில் குழி விழாமல் ஒரு பக்கத்தைத் தாழ்த்துங்கள். குழியில் தேங்கும் நீரின் பாரமே கம்பைச் சாய்த்துவிடும்.

முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, 45 டிகிரியில் அடியுங்கள். மழை வந்தால் பருத்திக் கயிறும் கித்தான் துணியும் சுருங்கும். இரவில் சற்றுத் தளர்த்தி வைக்காவிட்டால் முளையையே பிடுங்கிவிடும். நைலான் இதற்கு நேர்மாறு, நனைந்தால் இறுக்க வேண்டும். எந்தக் கயிறு என்று தெரியாமல் இதைச் செய்யவே முடியாது.

பெற்றோருக்குச் சில செய்திகள். சமவெளி முகாமுக்கு ஸ்லீப்பிங் பேக் வேண்டாம். ஒரு ஜமக்காளமும் போர்வையும் போதும். ஏற்காடு, கொடைக்கானல் என்றால் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். இன்னொரு போர்வையை மேலே போர்த்துவதைவிடக் கீழே விரியுங்கள். பை பிள்ளையின் எடையில் ஏழில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்: 35 கிலோ பிள்ளைக்கு 5 கிலோ. கனமானவை முதுகை ஒட்டி இருக்கட்டும். பைக்குள் முதலில் ஒரு பெரிய பாலித்தீன் உறையைப் போட்டு, அதற்குள் துணிகளை அடுக்குங்கள். புது ஷூவை முகாமுக்கு முதல்நாள் வாங்கித் தராதீர்கள், இரண்டு வாரமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். சீருடை, பேட்ஜ், ஸ்கார்ஃப் எங்களிடம் கிடைக்காது. பள்ளிச் சாரண ஆசிரியரிடம் கேளுங்கள்.

கொசுவலை கட்டாயம் கொடுத்தனுப்புங்கள், ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகவும் பழக்குங்கள். கொசுவுக்கு மட்டுமல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவரை அது கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது. விடியும் வேளையில் வயிற்றுவலி, வாந்தி, இமை சொருகல் என்று தொடங்கும். காலையில் இப்படி எழும் பிள்ளைக்கு அஜீரணம் என்று சோடா கொடுத்து உட்கார வைக்காமல், ஆசிரியர்கள் உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்புக்கடிக்குக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கையையோ காலையோ அசையாமல் வைத்துப் படுக்க வைத்தே கொண்டு செல்லுங்கள். கயிறு விற்கும் நாங்களே சொல்கிறோம், அந்த வேலைக்குக் கயிறு வேண்டாம்.

திரும்பி வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முகாம் போன இடத்தைச் சொல்லுங்கள். புதர்க்காட்டில் ஒட்டும் நுண்பூச்சியால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் பீடிச் சூடு போலக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது சிலருக்கு இருக்காது. ஆகவே இடத்தைச் சொல்வதுதான் முக்கியம்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று படித்துவிட்டுக் கரையுங்கள். லிட்டர்ப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிகுந்து கெடுதலாகிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குடிநீரில் குளோரின் மாத்திரை போடும் முன் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சேறு குளோரினைத் தின்றுவிடும். போட்ட பிறகு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு: ரயிலில் கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், அடுப்பு எதுவும் ஏற்றக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் சிலிண்டரால் பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள். அடுப்பை இறங்கும் ஊரில் வாடகைக்கு எடுங்கள். மலையேற்றம் இருந்தால் வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களை நினைத்துப் பார்த்தால் ஏன் என்பது புரியும். ஊட்டி, கொடைக்கானலுக்கு வேனில் போவதானால் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் வண்டிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் ரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமான மருந்து, வீட்டுத் தொலைபேசி எண் அடங்கிய தாளை இரண்டு பிரதி எடுத்து, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே வைத்திருங்கள்.

முகாம் முடிந்ததும் தார்பாலினையும் கயிற்றையும் நனைந்தபடி சுருட்டி வைக்காதீர்கள். நம் ஊர்க் கடற்காற்றில் சில நாளிலேயே பூசணம் பிடிக்கும். மொட்டை மாடியில் நிழலாகக் காயவைத்து, கடல் மணல் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள்.

கயிறு வாங்க வரும்போது கம்பைச் சுற்றி ஒரு நூல் வைத்து அளந்து அந்த அளவைக் கொண்டு வாருங்கள். சுற்றளவை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழத் தடிமன் வந்துவிடும். அதை வைத்து, எத்தனை கட்டு என்பதையும் கேட்டுக்கொண்டு, தேவையான நீளத்தில் துண்டுகளாக வெட்டி, நுனிகளையும் கட்டித் தருகிறோம். வெட்டுவதற்கும் நுனி கட்டுவதற்கும் தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கயிறு, கித்தான், தார்பாலின் கடையினர்,
மண்ணடி, சென்னை