தூணில் கட்டும் ரிங் கம்பிகள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தொண்டி, கீழக்கரை, மண்டபம் பகுதிகளில் வீடு கட்ட எங்களிடம் மதிப்பீடு பெறுவோர், கம்பியின் எடையைப் பார்த்ததும், "நிலநடுக்கமே வராத நம் ஊருக்கு இத்தனை ரிங் எதற்கு?" என்று கேட்கிறார்கள். ரிங் என்பது தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி. கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையை அனைவருக்கும் எழுதி அனுப்புவது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

நாட்டை நிலநடுக்க மண்டலங்களாகப் பிரிக்கும் ஐ.எஸ். 1893 என்னும் இந்தியத் தர விதியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் நம் இராமநாதபுரம் மாவட்டம் இரண்டாம் மண்டலத்தில், அதாவது ஆபத்து மிகக் குறைந்த பகுதியில் உள்ளது. ஆயினும், 1993 செப்டம்பர் 30 அன்று அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரி குலுங்கி ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீட்டுக் கற்சுவர்களுக்கு அடியிலேயே மாண்டபோது, அந்த ஊரும் அன்றைய வரைபடத்தில் ஆகக் குறைந்த முதலாம் மண்டலத்தில்தான் இருந்தது. முதலாம் மண்டலம் என்ற பிரிவே 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது.

தரை பக்கவாட்டில் அசையும்போது கட்டடத்தின் எடைக்கேற்ற விசை அதைத் தள்ளுகிறது. மொட்டைமாடித் தொட்டியின் 1,000 லிட்டர் தண்ணீரும் ஒரு டன் எடைதான். அந்தத் தள்ளலில் தூண் அதிகம் வளைவது பீமோடு சேரும் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஆகும். அங்கே ரிங்குக்கு வெளியே உள்ள கான்கிரீட் உதிர்ந்த பிறகு, நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்காமலும் உள்ளிருக்கும் கான்கிரீட் நொறுங்கிச் சிதறாமலும் பிடித்து நிறுத்துவது ரிங் மட்டுமே. அதன் நுனியைச் செங்கோணமாக மட்டும் மடக்கினால் அந்த நேரத்தில் அது விரிந்துகொள்ளும். எனவேதான் நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பிக்கட்டுக்கான ஐ.எஸ். 13920 விதிப்படி நுனியை 135 பாகை மடக்கி, குறைந்தது 65 மி.மீ. நீளத்துக்குத் தூணின் உட்புறமாகச் செலுத்துகிறோம். 16 மி.மீ. கம்பியிட்ட 300 மி.மீ. தூணாயின், இரு முனைகளிலும் குறைந்தது ஒன்றரை அடி உயரத்துக்கு 75 மி.மீ. இடைவெளியில் ரிங் வரும். இரண்டாம் மண்டலத்தில் இந்த விதி கட்டாயமன்று. நாங்கள் விரும்பியே கடைப்பிடிக்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு மனையில் நுனிகள் செங்கோணமாக மடக்கப்பட்டிருந்ததை, சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை) அடைப்பதற்கு முதல் நாள்தான் கவனித்தோம். அனைத்தையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட இரண்டு நாள் ஆயிற்று. அந்தச் செலவு எங்களுடையது.

கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தவோ கடைக்காகவோ சுவரின்றித் திறந்துவிட்டு, மேலே அறைகள் கட்டச் சொல்வோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இவ்வகை அடுக்குமாடிகள் பல விழுந்தன. சுவர் நிறைந்த மேல்தளங்கள் விறைப்பாக நிற்க, அசைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களில் வந்து குவிந்தது. அத்தகைய வீட்டுக்குத் தூண்களைப் பெரிதாக்கியோ, தரையிலிருந்து கூரைவரை கான்கிரீட் சுவர் சேர்த்தோதான் வரைபடம் தருவோம்.

கடற்கரையில் இன்னொரு கவலையும் உண்டு. தூணில் வெளிப்புறத்துக்கு மிக அருகில் இருப்பது ரிங்தான். அது 8 மி.மீ. பருமன் மட்டுமே உள்ளது. உப்பு உள்ளே இறங்கினால் முதலில் துருப்பிடிப்பதும் அதுவே. எனவே கடற்காற்று நேரே படும் இடங்களில் எம்30 என்னும் வலிமைத் தரக் கான்கிரீட்டும், ரிங்கின் வெளிவிளிம்பிலிருந்து 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வைக்கிறோம். போர்வெல் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், கான்கிரீட்டுக்கு லாரித் தண்ணீர்தான். கடற்கரை மணலை எந்த நிலையிலும் ஏற்பதில்லை.

செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் டைல்ஸிலும் எலிவேஷன் என்னும் முகப்பு அலங்காரத்திலும் குறைத்துத் தருகிறோம். ரிங்கில் குறைக்க இயலாது. தூண் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை உங்களுக்குத் தகவல் சொல்வோம். அன்புகூர்ந்து நேரில் வந்து, டேப் வைத்து இடைவெளியை அளந்து, நுனி மடக்கையும், கவர் அளவு குறையாமல் கம்பியில் பொருத்தும் கவர் பிளாக்கையும் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். நீங்கள் பார்க்கும்வரை சென்ட்ரிங் அடைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
கட்டட வடிவமைப்பாளர்கள்,
இராமநாதபுரம்