மரப்பூங்காவுக்கு மரப் பதிவேடும் நிரந்தரத் தோட்டக்காரர்களும் வேண்டி மனு

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தோட்டக்கலைத் துறை,
லால்பாக், பெங்களூரு.

அனுப்புநர்
அல்சூர் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்
மற்றும் பூங்காவில் தினமும் நடப்பவர்கள்.

பொருள்: எங்கள் பகுதி மரப்பூங்காவில் இந்த ஆண்டு புது நடவை நிறுத்தி, இருக்கும் மரங்களைப் பதிவு செய்து பராமரிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதன் கன்னட வடிவமும் பூங்காவின் வரைபடமும் இணைப்பில் உள்ளன. கையெழுத்திட்ட பெரியவர்களில் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள் என்பதால் தமிழிலும் எழுதியிருக்கிறோம்.

ஜூன் மழை பிடித்ததும் பூங்காவில் கன்று நடும் விழா நடக்கிறது. மார்ச் வருவதற்குள் பாதிக் கன்றுகள் காய்ந்துவிடுகின்றன. அடுத்த ஜூனில் அதே குழியில் வேறு கன்று வைக்கிறார்கள். எந்தக் கன்று எதனால் போனது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நிற்கும் மரங்களுக்கும் அதே கதிதான். பெயர்ப்பலகை இருக்கும் சில மரங்களிலும் அதை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள், பட்டை வீங்கிப் பலகையை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

மரப்பூங்கா என்றால் ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு இருக்க வேண்டும். மரத்துக்கு ஒரு எண், அறிவியல் பெயர், தமிழ், கன்னடப் பெயர்கள், விதையோ கன்றோ எங்கிருந்து வந்தது, நட்ட தேதி, நிற்கும் இடம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை மார்பளவு உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து எழுதினால் போதும். வளராமல் நின்றுபோன மரம் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். விழுந்த பிறகு பார்க்க வேண்டியதில்லை. எண் தகட்டை ஆணியில்லாமல், தண்டு பருக்கும்போது நெகிழ்ந்து கொடுக்கும் ஸ்பிரிங் கம்பியில் கட்டலாம்.

இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூங்குமூஞ்சி மரம் முழு வளர்ச்சியில் 80, 100 அடிக்குக் குடை விரிக்கும். அதற்குப் பத்தடி தள்ளி மகிழம், அதற்கும் பத்தடியில் நாவல் என்று நட்டிருக்கிறார்கள். கன்றாக இருக்கையில் நன்றாகத்தான் தெரியும். அப்புறம் வெளிச்சம் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து, ஏப்ரல், மே மாதக் கோடை மழைக் காற்றில் முதலில் விழுவது இப்படி நெருக்கி நட்ட மரம்தான். 1908-ல் பெங்களூருக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி இந்த ஊருக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தார். எது எப்போது பூக்கும், எவ்வளவு வளரும் என்று தெரிந்தவர் போட்ட திட்டம் அது. எங்கள் பூங்காவுக்கும் அப்படி ஒரு நடவு வரைபடம் வேண்டும். வேங்கை, மருது, இலுப்பை, ஆத்தி போன்ற நம் மண்ணின் மரங்களுக்கு அதில் முதலிடம் தர வேண்டும்.

இவை எல்லாவற்றையும் செய்ய ஆள் வேண்டும். இப்போது ஒப்பந்ததாரர் அனுப்பும் ஆட்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் குறையில்லை, வெயிலில் உழைக்கிறார்கள். ஆனால் வேலையை யாரும் கற்றுத் தருவதில்லை. கிளையைத் தண்டோடு ஒட்டச் சீவினால் காயம் ஆறாது. கிளை புறப்படும் இடத்து மேட்டை விட்டு வெட்ட வேண்டும். பெரிய கிளைக்கு முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டுக் கொடுக்காவிட்டால் பட்டை கீழ்வரை கிழியும். புல்லுருவியைப் பழம் பழுக்கும் முன்பே எடுக்காவிட்டால் பறவைகள் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோய்விடும். தலைமுறைகளாகத் தோட்ட வேலை செய்த திகளர் குடும்பங்கள் வாழும் ஊர் இது. அவர்களில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு லால்பாகில் பயிற்சி கொடுத்து, நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டுகிறோம்.

தண்ணீர் விஷயத்தில் 2024 கோடையை யாரும் மறக்கவில்லை. அந்த மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அது சரியான முடிவுதான். அதனால்தான் லால்பாகில் செய்வதுபோல் சுத்திகரித்த கழிவுநீரை இங்கும் கொண்டுவரக் கேட்கிறோம். புதுக் கன்றுக்கு முதல் மூன்று கோடையாவது தண்ணீர் உறுதியாகக் கிடைக்க வேண்டும். அது முடியாவிட்டால் நடவே வேண்டாம்.

சருகைக் கொளுத்துவதையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதை மரத்தடியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், தண்டை மட்டும் தொடாமல் பரப்பினால் போதும். நடைபாதைக்காக மரத்தைச் சுற்றி ஊற்றிய சிமென்டையும், வேர் அறுபடாமல் கையால் உடைத்து, ஒரு மீட்டருக்காவது நீக்க வேண்டும்.

பதிவேட்டு வேலைக்கு எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் சம்பளமில்லாமல் வரத் தயார். மரங்களை அடையாளம் காண ஒரு தாவரவியலாளரைத் துறை அனுப்பினால் அளப்பதையும் எழுதுவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வரும் ஜூன் மழைக்கு முன், தங்கள் அதிகாரி ஒருவர் எங்களோடு பூங்காவை நடந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்கித் தந்து, அதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அல்சூர் சுற்றுவட்டாரக் குடும்பங்கள்
இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், கன்னட மனு, பூங்கா வரைபடம்