தேடாதவர்கள் அல்லர் எங்கள் மாணவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வேதியியல் படிப்புகள் பற்றி வெளியான கட்டுரையில் ஒரு வரி: 'உதவித்தொகைக்கும் பயிற்சிக்கும் குறைவில்லை, தேடிப் பிடிக்கத்தான் மாணவர்களுக்கு ஆர்வமில்லை.' தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இதை எழுதியவர் எங்கள் மாணவர்களில் ஒருவரிடமாவது பேசிப் பார்த்தாரா?

அறிவியல் படிப்போருக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கே பெரும்பாலும் அது கிடைக்கும் என்பதைச் சொல்லவில்லை. அந்த மதிப்பெண் எடுத்த பிள்ளை எந்தக் கல்லூரிக்குப் போகும் என்பது தாங்கள் அறியாததல்ல. பட்டாசு ஆலைக்கும் நூற்பாலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள்தாம் எங்கள் பி.எஸ்சி. வகுப்பில் இருந்தார்கள்.

மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி நல்ல திட்டம். ஆனால் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் காலம் நவம்பரையொட்டி வரும். செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். எதைக் கற்க விரும்புகிறோம் என்று ஆங்கிலத்தில் வேறு எழுதித்தர வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை விண்ணப்பத்தின் அந்தப் பகுதியை நிரப்ப யார் உதவுவார்கள்?

வெளியூர் நிறுவனம் ஒன்றின் கருவிப் பயிற்சிக்கு என் மாணவி ஒருத்தி தேர்வானாள். சொட்டுச் சொட்டாகத் திரவம் அளக்கும் பியூரெட் குழாயின் அளவுகள் அவளுக்கு ஒன்றுக்கொன்று 0.1 மில்லிக்கு மேல் விலகியதே இல்லை. பயணச் செலவைப் பயிற்சி முடிந்த பிறகு தருவோம் என்றார்கள். தங்குமிடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் அப்பா என்னிடம் வந்து, "டீச்சர், தெரியாத ஊரில் பொம்பளைப் பிள்ளையை எங்கே தங்க வைப்பேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவள் போகவில்லை. அவளுக்கா ஆர்வமில்லை?

கருவிகளின் கதை இதைவிட வேதனை. எங்கள் துறைக்கு எச்.பி.எல்.சி. கருவி ஒன்று வந்தது; ஒரு கலவையில் என்னென்ன, எவ்வளவு இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கருவி அது. திறப்பு விழா நடந்தது, படம் எடுத்தார்கள். அதை இயக்கத் தேவையான அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானை வாங்க நிதி ஒதுக்கவில்லை. பராமரிப்பு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. மாணவர்கள் அதன் படத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்ததோடு சரி. பிறகு மருந்து நிறுவன நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே, "எச்.பி.எல்.சி. இயக்கிய அனுபவம் உண்டா?" என்பதுதான். அந்த அனுபவத்தைத் தனியார் பயிற்சி மையங்கள் விற்கின்றன. வாங்க வசதி உள்ளவர் வாங்கிக்கொள்கிறார்.

2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு வேதிப்பொருள் 48.6 விழுக்காடு இருந்ததைச் சென்னை அரசு மருந்து ஆய்வகம் கண்டறிந்தது. இருக்கலாம் என்று அனுமதித்த அளவு 0.1 விழுக்காடுதான். மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் இறந்தார்கள். 1972இல் இதே நஞ்சு சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. கலவையை ஆவியாக்கிப் பிரித்தறியும் கேஸ் குரோமட்டோகிராபி முறை தெரிந்த ஒருவர், சோதிக்கும் அதிகாரத்தோடு ஆலைக்குள் இருந்தால், மூலப்பொருள் வரும் பீப்பாயிலேயே பிடித்துவிடக்கூடிய நஞ்சு இது. பகுப்பாய்வு வேதியியல் படிக்கும் பிள்ளைக்குப் பயிற்சி தருவதைச் சலுகை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. உங்கள் இதழும் அந்த மரணங்களைப் பல பக்கங்களில் எழுதியது. அந்தச் சோதனையைச் செய்ய யார், எங்கே கற்கிறார்கள் என்று ஒரு பத்தியும் எழுதவில்லை.

தங்களிடம் கேட்பது பெரிதில்லை. மாதம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்த உதவித்தொகை, எந்தப் பயிற்சி, கடைசி நாள் எது, கட்டணம் உண்டா, தங்க இடம் தருவார்களா என்ற விவரங்கள் தமிழில், கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே வரட்டும். தொகுத்துத் தர ஆளில்லை என்றால் நானே செய்து தருகிறேன், ஊதியம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
மதுரை